பொங்காலை அடுப்பருகே ஓர் ஏடு

கும்ப மாதத்துப் பூர நாளில் ஸ்ரீவராகத்துத் தெருக்களில் கால் வைக்க இடம் இராது. வராகமூர்த்தி கோயில் குளத்தைச் சுற்றியுள்ள சாலையிலும் வீட்டு வாசல்களிலும் மும்மூன்று செங்கல் கூட்டிய அடுப்புகள் முந்தைய நாள் மாலையிலேயே வரிசை பிடித்துவிடும். ஆற்றுகால் பகவதி கோயில் இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. கோயிலருகே இடம் கிடைக்காத பெண்கள் மணக்காடு, கமலேசுவரம், கோட்டைப்பகுதி என்று விலகி விலகி அமர்ந்து, நகரத்தையே ஒரு சமையற்கட்டாக்கிவிடுகிறார்கள். 1997-இல் 15 லட்சம் பெண்களும் 2009-இல் 25 லட்சம் பெண்களும் கூடியதாகக் கின்னஸ் பதிவு உண்டு. எண்ணிக்கையைப் பேச ஆட்கள் பலர் இருக்கிறார்கள். அந்த அடுப்புகள் யாருடைய கதைக்காக எரிகின்றனவோ, அந்தக் கதையை எங்கள் தமிழ் வீடுகளில் இனி யார் படிக்கப்போகிறார்கள் என்பதே என் கேள்வி.

திருவிழா பத்து நாள். தேவிக்குக் காப்புக் கட்டிய அன்று தொடங்கி, கோயிலின் முன்புறத்தில் தோற்றம்பாட்டு பாடப்படுகிறது. பாட்டின் பொருள் கண்ணகி கதை. ஒன்பதாம் நாள் முற்பகலில் பாண்டியன் வதத்தைப் பாடி முடித்ததும் கருவறை விளக்கிலிருந்து தீ எடுக்கப்படுகிறது. அது முதலில் மடைப்பள்ளி அடுப்புக்கும், பிறகு வெளியிலுள்ள பண்டார அடுப்புக்கும் செல்கிறது. செண்டையும் வெடியும் முழங்க, அத்தீ அடுப்பிலிருந்து அடுப்புக்கு மாறிக் கிலோமீட்டர்க் கணக்கில் பரவுகிறது. வெள்ளைப் பொங்கல், சர்க்கரைப் பாயசம், வாசனை இலையில் மாவைப் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தெரளியப்பம், மண்டபுட்டு என்று பானைகள் நிறைகின்றன. ஒரு காப்பியத்தின் உச்சக்கட்டம் பாடி முடியாமல் இந்நகரத்தில் அன்று அடுப்பு எரிவதில்லை. தமிழ் பயிலும் ஒருவனுக்கு இதைவிட வியப்பான செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் எங்கள் தெருவின் தமிழ் வீடுகளில் சிலப்பதிகாரம் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொங்காலையைத் தவறவிட்ட பெண்ணையோ எங்கள் தெருவில் நான் கண்டதில்லை.

உணவும் வழிபாடும் தலைமுறை தாண்டுவதற்கு யாரும் பெரிதாக முயல வேண்டியதில்லை. குழந்தை அம்மாவின் பக்கத்தில் நின்றாலே போதும். தேங்காய் வறுக்கும் மணம் மூக்கில் ஏறிவிடும். எந்தச் சன்னிதியில் எந்தப் பக்கம் நின்று கும்பிடுவது என்பது காலுக்குப் பழகிவிடும். எழுத்து அப்படிப் பழகுவதில்லை. ஒருவர் உட்கார்ந்து கற்றுத்தர வேண்டும், மற்றவர் உட்கார்ந்து கற்க வேண்டும். இந்த உழைப்பு தேவைப்படுவதால்தான் வேற்றுமொழிச் சூழலில் வாழும் குடும்பம் முதலில் எழுத்தைக் கைவிடுகிறது. பிறகு, சோறும் சாமியும் இருக்கின்றனவே, பண்பாடு எங்கே போய்விட்டது என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறது. இந்தத் தேறுதல் போதாது என்பது என் கருத்து. நம்மைக் காட்டிலும் கடினமான சூழலில் வாழ்ந்த சமூகங்கள் வேறு வழி கண்டிருக்கின்றன. அதைச் சொல்லும் முன், என் வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் வடசேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். என் மனைவி ஆற்றிங்ஙல்காரர், மலையாள வீடு. பன்னிரண்டு வயது மகளுக்கு ஆச்சியோடு தமிழ், அம்மூம்மாவோடு மலையாளம், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். பேச்சில் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு அவள் தாவுவதை நான் பல வேளைகளில் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். கர்க்கடக மாதம் வந்தால் அம்மூம்மா விளக்கேற்றி, எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டைத் திறக்கிறார். பேத்தி பக்கத்தில் அமர்ந்து, பாட்டி களைத்த இடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கிறாள். அதே மாதத்தில் அதே வீட்டில் மருந்துக்கஞ்சியும் கொதிக்கிறது. ஒரு மாதம், ஒரு நூல், ஒரு கஞ்சி. மலையாளக் குடும்பங்களில் வாசிப்பு எத்தனை இயல்பாகச் சமையலோடும் விளக்கோடும் சேர்ந்து நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஆச்சியிடம் இருப்பது ஒரு சமையற் குறிப்பேடு. நாற்பது ஆண்டுகளாகத் தம் கைப்பட எழுதி வருவது. தீயலும் புளிசேரியும் உளுந்தங்களியும் நாழி, உரி, சிரட்டைக் கணக்கில் அதில் இருக்கின்றன. பக்க ஓரங்களில் உறவினர் வீட்டு நாள்கள், வட்டிக் கணக்கு, ஒரு நோயின் மருந்து, ஒரு திருமணத்தில் யார் யார் பேசாமல் போனார்கள் என்ற குறிப்பு. சென்ற ஆண்டு ஆச்சியின் பார்வை மங்கியது. தீயல் பக்கத்தைப் பேத்தி கைப்பேசியில் படமெடுத்து, ஒரு செயலியைக் கொண்டு வாசிக்கச் செய்தாள். கையெழுத்தாகையால் பாதி பிழையாக வந்தது. தீயல் நன்றாகவே அமைந்தது; செய்முறை அவள் கைக்கு முன்பே தெரியும். பக்க ஓரத்தில் இருப்பவை மட்டும் அவளுக்குக் கிட்டவில்லை. அங்கேதான் குடும்பம் இருக்கிறது.

இனி, நூலுக்கு வருகிறேன். பொங்காலைக்கு அருகே வைத்துப் படிக்கச் சிலப்பதிகாரத்தில் ஓர் இடம் தேடினால், அது மதுரை எரியும் இடமாக இருக்கும் என்றே எவரும் நினைப்பர். என் தேர்வு அதற்கு முந்தையது. கொலைக்களக் காதையில் கண்ணகி ஒரு வேளைச் சோறு சமைக்கிறாள்.

மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி, கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரியோ அங்கே இயக்கிக்குப் பால் படைக்க வந்தவள். அவள் அவர்களைத் தன் ஆயர் சேரிக்கு அழைத்துச் சென்று ஒரு சிறு வீட்டில் குடியமர்த்துகிறாள். வந்தவர்கள் சமண இல்லற நோன்பினர், அவர்கள் பகலிலேயே சமைத்து உண்ண வேண்டும் என்பது அந்த ஆயர் வீட்டில் உடனே கருத்தில் கொள்ளப்படுகிறது. புதிய கலங்கள் வருகின்றன. வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசி, பால்படு பொருள்கள் எல்லாம் வருகின்றன. மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டித் தர, கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்து அவள் விரல் சிவப்பதையும் முகம் வியர்ப்பதையும் கண் சிவப்பதையும் இளங்கோ விடாமல் பதிவு செய்கிறார். ஓலையால் முடைந்த தடுக்கில் கணவனை அமர்த்தி, மண்கலத்து நீரால் அவன் அடியைக் கழுவி, தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தை விரித்துப் படைக்கிறாள். அதைப் பார்த்து நிற்கும் மாதரிக்கும் ஐயைக்கும் உண்பவன் தங்கள் கண்ணனாகவே தோன்றுகிறான்.

இந்தக் காட்சியில் எத்தனை சமயங்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்துவிடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். சமணத் துறவி ஒப்படைத்த விருந்தினர். இயக்கிக்குப் பால் வைக்கும் கிழவி. கண்ணனைப் பாடிக் குரவையாடும் ஆயர் பெண்கள். அந்நியர் நோன்பு கெடாதபடி கலம் தரும் பண்பு. யாரும் யாரையும் மாற்ற முயலவில்லை. அடுத்த வீட்டார் எதை, எப்பொழுது உண்பார்கள் என்று அறிந்து வைத்திருப்பதுதான் அந்தச் சேரியின் சமய நல்லிணக்கம். பொங்காலை நாளில் வழியோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் பிற சமயத்தாரைப் பார்க்கும்போது எனக்கு மாதரி வீட்டுப் புதுக்கலங்கள் நினைவுக்கு வருகின்றன.

உண்டு முடித்தபின் கோவலன் தன் குற்றங்களை எண்ணி வருந்துகிறான். அப்போது கண்ணகி சொல்லும் மறுமொழியை மண வாழ்வில் உள்ள எவரும் ஒருமுறை படிக்க வேண்டும். அவன் பிரிந்திருந்த நாள்களில் அறவோருக்கு வழங்கவும் துறவிகளைப் பேணவும் விருந்தை எதிர்கொள்ளவும் தனக்கு இயலாமல் போயிற்று என்கிறாள். மாமனும் மாமியும் வந்தபோது நோயை மறைத்துப் பொய்யாகச் சிரித்ததைச் சொல்கிறாள். அத்தனை நாள் பேசாதிருந்தவள் பேசுவதற்கு ஒரு வேளைச் சமையல் தேவைப்பட்டிருக்கிறது. அதுவே அவள் அவனுக்கு இட்ட கடைசிச் சோறு. இதைப் படித்த ஒருத்திக்குச் செங்கல் அடுப்பில் பானை வைக்கும் கை பழைய கையாக இருக்காது என்று நான் நம்புகிறேன்.

மலையாள வீட்டார்க்கு இந்தப் பகுதி அந்நியமாக இருக்குமோ என்று நான் ஐயுற்றதுண்டு. நடந்தது வேறு. கணவனின் உடன்பிறந்தாளைக் குறிக்க இக்காதையில் வரும் சொல் ‘நாத்தூண்’. சென்னையிலும் மதுரையிலும் அது நாத்தனார் ஆகிவிட்டது. என் மனைவி இன்றும் என் தங்கையை நாத்தூன் என்றே குறிப்பிடுகிறார். உண்ணுதல் என்னும் வினையைத் தமிழ்ப் பேச்சு ஏறக்குறையக் கைவிட்டுச் ‘சாப்பிடு’ என்று போய்விட்டது. மலையாளி நாள்தோறும் ‘ஊண்’ உண்கிறார். சிலப்பதிகாரத்தின் சமையற்கட்டுக்குள் ஆற்றிங்ஙல்காரர் என்னைவிட எளிதாக நுழைகிறார். இந்நூல் யாருக்குரியது என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லாமல் போனது இதனால்தான். சேர நாட்டுத் துறவி பாடியதாகப் பதிகம் சொல்லும் நூலுக்குத் திருவனந்தபுரத்தில் நின்று கொண்டு தமிழர் மட்டும் பட்டா கேட்பது வேடிக்கையாக இருக்கும்.

படிப்பதால் வேறொன்றும் நடக்கும். தோற்றம்பாட்டில் தேவி பாண்டியனை வதைக்கிறாள். அந்த வதத்தின் வெற்றியில்தான் அடுப்பு எரிகிறது. இளங்கோவின் வழக்குரை காதையில் கண்ணகியின் கை மன்னன் மேல் படவே இல்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், தன் தீர்ப்பு பிழை என்றுணர்ந்த மன்னன் தானே சாய்ந்து இறக்கிறான். கோப்பெருந்தேவியும் உடன் இறக்கிறாள். தவறிழைத்த அரசைத் தெய்வம் கொல்கிறது என்பது ஒரு நீதி. தவறை உணர்ந்த அரசன் உயிரோடிருக்க இயலாது என்பது வேறொரு நீதி. பன்னிரண்டு வயதுக் குழந்தை இரண்டில் எதைத் தன் நாட்டிற்கு விரும்புவாள்? இரண்டையும் அறிந்தால்தானே அவள் அதைக் கேட்க முடியும். பாட்டு பிழை, நூல் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டுக்குத் தன் மரபும் தன் கணக்கும் உண்டு. ஒன்றை மட்டும் கேட்டு வளர்பவர்களுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாமல் போகிறது என்பதுதான் என் வருத்தம்.

சோற்றோடு நூலைச் சேர்த்து வைத்த சமூகங்களைப் பற்றிச் சொன்னேன். யூதர்களின் பாஸ்கா இரவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் ஹகாடா என்னும் நூலைக் குடும்பம் உணவுமேசையில் வைத்து வாசிக்கிறது. புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் அந்தக் கதையின் பொருளாகவே மேசையில் இருக்கின்றன. வீட்டின் இளையவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது முறை. கேள்வி கேட்கப்படாமல் அந்த விருந்து முழுமையாவதில்லை. நாடு நாடாகச் சிதறிய மக்கள் தங்கள் எழுத்தை இழக்காததற்கு இந்த மேசைக்கும் பங்குண்டு. தொலைவில் தேட வேண்டியதும் இல்லை. 1568-இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றுலாப் பயணிகளாகப் பார்த்து வந்தவர்கள் நம்மில் பலர். கொச்சி யூதப் பெண்கள் விவிலியக் கதைகளை மலையாளப் பாட்டாகப் பாடினார்கள்; அவற்றைக் குறிப்பேடுகளில் படியெடுத்துப் பெண்ணிடமிருந்து பெண்ணுக்குக் கைமாற்றினார்கள். இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் குறிப்பேடுகளும் உடன் சென்றன. ஏடு வைத்திருந்த பாட்டிகள் இருந்ததால்தான் அப்பாட்டுகளை இன்று ஆய்வாளர்கள் பதிப்பிக்க முடிந்திருக்கிறது.

கண்ணகியையே எடுத்துக்கொண்டாலும் இலங்கை நமக்கு முன்னே நிற்கிறது. கோயிலெடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்ததாக வரந்தரு காதை கூறும். சிங்களப் பௌத்தர்களிடம் அவள் பத்தினி தெய்யோ. கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வரும் தேவாலயங்களுள் அவளுடையதும் ஒன்று. கணநாத் ஒபயசேகர 1984-இல் வெளியிட்ட பெருநூல் முழுதும் அவளைப் பற்றியதே. முல்லைத்தீவு வற்றாப்பளையில் வைகாசியில் அவளுக்குப் பொங்கல். மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி கோயில்களிலோ வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ என்னும் காவியத்தை ஏட்டை வைத்துப் படிக்கிறார்கள். குளிர்த்தி முடியும் வரை அந்த ஏடு வழிபாட்டின் ஓர் உறுப்பு. போரும் இடப்பெயர்வும் கடற்கோளும் கண்ட ஊர்கள் அவை. இவற்றில் எதையும் காணாத ஸ்ரீவராகத்து வீடுகளில் புத்தக அலமாரிக்கு மேல் ஊறுகாய்ப் பரணி இருக்கிறது. (எங்கள் வீட்டிலும்தான். மாங்காய் ஊறுகாய் நன்றாக இருக்கும்.)

இந்நகரத்தில் தமிழெழுத்து ஒருகாலத்தில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதை நினைத்தால் வருத்தம் கூடுகிறது. மனோன்மணீயம் நாடகத்தை 1891-இல் வெளியிட்ட சுந்தரம் பிள்ளை இங்குள்ள மகாராஜா கல்லூரிப் பேராசிரியர். நகுலன் இங்கே ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் எழுதினார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தியபடி அக்கடைத்தெருவையே கதைகளாக்கினார். நீல பத்மநாபனின் பள்ளிகொண்டபுரம் 1970-இல் வந்தது. அதில் வரும் கோட்டைத் தெருக்களில்தான் எங்கள் பிள்ளைகள் டியூஷனுக்குச் சைக்கிளில் போகிறார்கள். தங்கள் தெரு ஒரு நாவலுக்குள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத் திருநெல்வேலியில் இருக்கும் ஒரு வாசகர் அறிந்திருக்கிறார்.

பள்ளியில் கற்பிக்காததை வீட்டில் எப்படிக் கற்பிப்பது என்று கேட்பார்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த குழந்தைக்குத் தமிழெழுத்து மலையேறும் வேலையன்று. வரிசை ஒன்றே, மெய்யெழுத்துகள் மலையாளத்தில் முப்பத்தாறு, தமிழில் பதினெட்டே. ழவும் றவும் ளவும் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன. தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இந்த வசதி இல்லை. ஒரே ககரம் எங்கே வன்மையாக ஒலிக்கும், எங்கே மென்மையாக ஒலிக்கும் என்பதில் மட்டும் சில நாள் தடுமாறுவார்கள். பேச்சு காதில் இருப்பதால் அதுவும் சரியாகிவிடும். என் மகளுக்கு ஓணவிடுமுறை போதுமாயிருந்தது. அச்செழுத்தைப் படிக்கிறாள்; ஆச்சியின் கையெழுத்து இன்னும் வசப்படவில்லை.

சமய நோக்கில் ஒரு தயக்கத்தையும் கேட்டிருக்கிறேன். கோயில் விழாவிற்குச் சமணச் சார்புள்ள நூலை இடையில் நுழைப்பது முறையா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கோயிலுக்குள் எதையும் நுழைக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. கோயிலுக்கு அதன் பாட்டு இருக்கிறது. அதைப் பாடுவோர் நோன்பிருந்து பாடுகிறார்கள். நான் பேசுவது வீட்டைப் பற்றி. நோய்த்தொற்றால் 2021-இலும் 2022-இலும் பொங்காலை வீட்டு முற்றங்களுக்கு வந்தது. அவரவர் வாசலில் ஒற்றை அடுப்பு எரிந்த அந்த ஆண்டுகளில் வழிபாடு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. வீடு அதற்குப் போதுமென்றால் ஒரு நூலுக்கும் போதும்.

ஆகவே, எங்கள் தெருவுக்கு நான் முன்வைப்பது இது. காப்புக் கட்டும் நாள் தொடங்கி, மாலை விளக்கு வைத்தபின், நாளொன்றுக்கு இரண்டு மூன்று காதைகளாக வாசிப்போம். மங்கல வாழ்த்தில் தொடங்கி எட்டு நாளில் ஊர்சூழ்வரி வரை பத்தொன்பது காதைகள் முடிந்துவிடும். ஒன்பதாம் நாள் காலை, ஆற்றுகாலில் பாண்டியன் வதம் பாடப்படும் நேரத்தில், இங்கே வழக்குரை காதை. வஞ்சிக் காண்டத்தைப் பங்குனியில் ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். மூலம் கடினம் என்போர் வேங்கடசாமி நாட்டார் உரையை வைத்துக்கொள்ளலாம். தமிழெழுத்து அறியாதோர்க்கு மலையாள மொழிபெயர்ப்பு உண்டு. இரு மொழியும் கலந்து வாசித்தால் கண்ணகி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாசிப்பது யார்? அன்று அடுப்பு மூட்டும் உரிமை பெண்களுக்கு மட்டுமே உரியது. எங்கள் தெரு ஆண்கள் செங்கல் சுமந்து, தண்ணீர் எடுத்து வைத்து, அதன்பின் செய்வதற்கொன்றுமில்லாமல் மதில் மேல் சாய்ந்து நாளிதழ் புரட்டுவதைப் பல்லாண்டுகளாகப் பார்க்கிறேன். பொங்கல் பொங்கிய பிறகும், பிற்பகலில் தீர்த்தம் தெளிக்க வரும் வரை, பெண்கள் வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரம் ஆண்கள் வாசிக்கவும் பெண்கள் கேட்டுக் குறுக்கிடவும் ஏற்றது. கொலைக்களக் காதையை மட்டும் பெண்ணொருத்தி வாசிக்க வேண்டும் என்பது என் மனைவியின் நிபந்தனை. கண்ணகியின் அந்த மறுமொழியை ஆண் குரலில் கேட்கத் தம்மால் ஆகாது என்கிறார். நியாயம்தான்.

வரும் கும்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறோம். என்னிடம் உரையோடு மூன்று படிகள் இருக்கின்றன; மலையாளப் படி ஒன்று அம்மூம்மாவிடம். முதல் நாள் வாசிப்பது என் மகள். ஆச்சி காதால் கேட்டுப் பிழை திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார். வருவோர் தத்தம் பாயைக் கொண்டு வரவும். தெரளி இலை பறிக்க வழி தெரிந்தவர்கள் முன்கூட்டியே எனக்குத் தகவல் தரவும்.